குழந்தையின் கண்ணை எது இழுக்கிறது?

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, குத்துவிளக்கேற்றிய மருத்துவர் ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே (துண்டே போதும் என்று போன வருஷமே சொன்னேன்), கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

பிறந்த குழந்தையின் கண்ணை எது இழுக்கிறது? மாறுபட்ட நிறம், அசைவு, முகம். மூன்றையும் பார்ப்போம்.

என் தங்கை பேரனுக்குப் பெயர் சூட்டு விழா. குழந்தைக்கு ஒன்றரை மாதம். துபாயிலிருந்து வந்த மாமா, வெளிறிய ரோஸ் நிறத்தில் விலை உயர்ந்த முயல் பொம்மையை முகத்துக்கு நேரே ஆட்டுகிறார். சீண்டவில்லை. சித்தி கிலுகிலுப்பையோடு வந்தார், அப்புறம் பெரியப்பா தொப்பியோடு வந்தார். அவன் கண் கொட்டாமல் மேலேயே பார்க்கிறான். “குலசாமி வந்திருக்கு!” என்று பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்ள, பாதிப் பேர் கும்பிட்டேவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைக் கூரையில் கறுப்பு மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது!

சிரிக்கிறீர்கள். அந்த வயதில் கண்ணுக்கு ஓர் அடி தூரம் வரைதான் ஓரளவு தெளிவு. அதற்கு மேல் மங்கல். வெள்ளையில் கறுப்பு என்றால் மங்கலிலும் துருத்திக்கொண்டு நிற்கும். அது சுற்றவும் செய்தால் கேட்க வேண்டுமா? அமெரிக்காவில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற உளவியலாளர் குழந்தையைப் படுக்கவைத்து, மேலே படங்களைக் காட்டி, சிறு துளை வழியே கருவிழியைக் கவனித்தார். எந்தப் படம் அதில் பிரதிபலிக்கிறதோ, அதைத்தான் குழந்தை பார்க்கிறது. 1961-இல் எழுதினார்: வெறும் சிவப்பு, மஞ்சள் வட்டங்களைவிட முகத்தையும் அச்செழுத்தையும்தான் அதிக நேரம் பார்த்தன.

சரி, பார்க்காத குழந்தை? அதற்குத்தான் வந்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? குறைமாதத்தில், 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு விழித்திரையில் ரத்தக்குழாய் தாறுமாறாக வளரலாம். வெளியே ஒன்றும் தெரியாது. பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். தேவைப்பட்டால் லேசர் சிகிச்சை உண்டு. “மூணு மாசம் போகட்டும், தானா பார்க்கும்” என்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! தலைவர் அம்மா, நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதம் இருமுறை கண் மருத்துவர் வரவேண்டும்.

முகத்தைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள்.