பாம்பில்லாத பாம்பு எண்ணெய்

நண்பர்களே, வணக்கம்.

ஒரு சீசாவிலிருந்து தொடங்குகிறேன். மேலே ‘பாம்பு எண்ணெய்’ என்று அச்சடித்திருக்கும். அமெரிக்காவில் கிளார்க் ஸ்டான்லி என்பவர் விற்ற தைலம். 1893 சிகாகோ கண்காட்சியில் கூட்டத்தின் நடுவே உயிருள்ள பாம்பை வெட்டிக் கொதிநீரில் போட்டு, மிதந்த கொழுப்பைக் காட்டி விற்றார் என்பார்கள். பின்னாளில் அரசாங்க ரசாயனக்காரர்கள் அந்தத் தைலத்தைச் சோதித்தார்கள். இருந்தது மினரல் ஆயில், துளி கொழுப்பு, மிளகாய்ச் சத்து. பாம்பைக் காணோம்! 1916-இல் அவருக்கு விதித்த அபராதம் 20 டாலர்.

சிரிக்கிறீர்கள். அந்த 20 டாலர் அபராதம் போட ஒரு சட்டம் வரவே படாத பாடு பட வேண்டியிருந்தது. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

‘பேடண்ட் மருந்து’ என்ற பேரே ஒரு பொய். காப்புரிமை வாங்கினால் உள்ளே என்ன சரக்கு என்று வெளியே சொல்லியாக வேண்டும். இவர்களுக்கு அது ஆகுமா? பெயரையும் சீசாவின் வடிவத்தையும் பதிவு செய்துகொண்டு, சரக்கை மட்டும் மூடி மறைத்தார்கள். பல் முளைக்கும் குழந்தையின் அழுகையை நிறுத்த ‘மிஸஸ் வின்ஸ்லோ’ சிரப் என்று ஒன்று விற்றது. குழந்தை சட்டென்று தூங்கிவிடும். தூங்காமல் என்ன செய்யும், உள்ளே இருந்தது மார்ஃபின்.

1905-இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகையாளர் ‘காலியர்ஸ்’ இதழில் இந்த வியாபாரத்தைத் தோலுரித்தார். விவசாயத் துறையின் தலைமை ரசாயனர் ஹார்வி வைலி அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே சட்டம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார். 1906 ஜூன் 30 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். ஆனால் அந்தச் சட்டம் மார்ஃபினைத் தடுக்கவில்லை. ஓபியம், கொக்கெயின், ஹெராயின், சாராயம் என்று சில பொருள்களைச் சொல்லி, இவை இருந்தால் எவ்வளவு என்று லேபிளில் போடு என்றது, அவ்வளவுதான். போட்டுவிட்டுத் தாராளமாக விற்கலாம்.

சரி, ‘இது புற்றுநோயைக் குணமாக்கும்’ என்று லேபிளில் புளுகினால்? கான்சஸ் சிட்டியில் ஜான்சன் என்ற டாக்டர் அதைத்தான் செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1911-இல் தீர்ப்பெழுதியவர் சாதாரண ஆளல்ல, பெயர்பெற்ற நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். உள்ளே இருப்பது என்ன என்பதில் பொய் சொன்னால்தான் இந்தச் சட்டப்படி குற்றம். அது நோயைத் தீர்க்குமா என்பது இதில் வராது என்றார். நீதிபதி ஹியூஸ் ஒப்புக்கொள்ளவில்லை; அவர் பக்கம் இரண்டு பேர்தான். சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் ஹோம்ஸ் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சீசாவை நம்பி வாங்கியவர்களை நினைத்தால்தான் தொண்டை அடைக்கிறது.

மறுவருஷமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், ஷெர்லி திருத்தம் என்று சட்டத்தில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. நோய் தீரும் என்ற பொய்யும் இனிக் குற்றம். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை வைத்தார்கள்: ஏமாற்ற வேண்டும் என்றே சொன்னார் என்று அரசாங்கம் நிரூபிக்க வேண்டும். ஒருவர் மனசுக்குள் என்ன இருந்தது என்று எப்படி நிரூபிப்பது? ‘நான் நம்பித்தான் விற்றேன் ஐயா’ என்றால் தீர்ந்தது.

பான்பார் என்று ஒரு மருந்து, நீரிழிவுக்கு. குதிரைவால் என்ற செடியின் சாறு. இன்சுலின் கடைக்கு வந்த பிறகும் இதை விற்றார்கள். ‘எனக்குக் குணமாயிற்று’ என்று நோயாளிகள் நன்றி சொல்லி எழுதிய கடிதங்கள் கைவசம் இருந்தன. அதிகாரிகள் போய் விசாரித்தார்கள். எழுதியவர்களில் பலர் அதே நீரிழிவில் செத்துப்போயிருந்தார்கள். 1933-இல் அதிகாரிகள் வைத்த ஒரு கண்காட்சியில் நன்றிக் கடிதமும் மரணச் சான்றிதழும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. இத்தனை இருந்தும் வழக்கில் அரசாங்கம் தோற்றது. ஏமாற்றும் எண்ணம் நிரூபணமாகவில்லை.

கடைசியாக 1937. சல்ஃபனிலமைடு நல்ல மருந்துதான், தொண்டைப் புண்ணுக்குக் கேட்கும். மாசெங்கில் கம்பெனி அதைத் தித்திப்பாகக் குடிக்கத் தரவேண்டும் என்று டைஎதிலீன் கிளைக்கால் என்ற ரசாயனத் திரவத்தில் கரைத்து, ராஸ்பெர்ரி வாசனை சேர்த்து, ‘எலிக்சிர்’ என்று பேர் வைத்தது. அது விஷமா என்று யாரும் சோதிக்கவில்லை. சோதிக்கச் சொல்லிச் சட்டமும் இல்லை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பலர் குழந்தைகள். அமெரிக்க உணவு, மருந்துக் கண்காணிப்புத் துறையான எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர்கள் ஏறக்குறைய எல்லோரும் கிளம்பி, கடை கடையாக, வீடு வீடாகப் போய்ச் சீசாக்களைப் பிடுங்கினார்கள். தயாரான 240 கேலனில் 234 கேலனுக்கு மேல் கைக்கு வந்தது.

எந்தச் சட்டத்தில் பிடுங்கினார்கள்? ஆளைக் கொன்றதற்கு அல்ல. ‘எலிக்சிர்’ என்றால் சாராயம் கலந்த மருந்து என்று அர்த்தம். இந்தச் சீசாவில் சாராயம் இல்லை. ஆகவே லேபிள் பொய். கம்பெனி அதற்குக் ‘கரைசல்’ என்று பேர் வைத்திருந்தால், பிடுங்க அந்தக் காரணமும் இருந்திருக்காது.

அடுத்த வருஷம் ஜூன் 25 அன்று புதுச் சட்டம் வந்தது. புது மருந்து பாதுகாப்பானது என்று விற்பதற்கு முன்பே காட்ட வேண்டும் என்றது. ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனையையும் அடித்துவிட்டது.