273ஆவது படி

வணக்கம் நேயர்களே. ஞாயிறு பதிப்பில் ஒரு மாயக் கதை வருகிறது. படித்தவர்கள் எழுத்தாளருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்புவது பெரும்பாலும் இரண்டே சொல்: "அருமையான கற்பனை." இதை எந்தக் கதைக்கும் அனுப்பலாம். அதனால்தான் எழுதியவருக்கு இது எதையுமே சொல்வதில்லை.

நாவலில் ஓர் உலகத்தைக் கட்ட முந்நூறு பக்கம் கிடைக்கும். சிறுகதைக்காரருக்குக் கிடைப்பது 1,500 சொல். அதற்குள் நடக்காததை நம்பவைத்து, அதற்காக நம்மை வருந்தவும் வைத்துவிடுகிறார் என்றால், எந்த வரியில் அதைச் சாதித்தார் என்று காட்டிப் பாராட்டுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

கதையை இரண்டாம் முறை பென்சிலோடு படியுங்கள். நடக்க முடியாதது முதலில் நடக்கும் வரிக்குக் கோடு போடுங்கள். பிறகு அதற்கு முந்தைய பத்து வரியைப் பாருங்கள். வேலை நடந்திருப்பது அங்கேதான். 1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், கடவுள் வருவதற்கு முன் பிள்ளை சென்னைத் தெருமுனையில் நின்று கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் மிஞ்சும் காலணாவுக்கு வெற்றிலை, பஸ்ஸில் போனால் அரை கப் காப்பி. அந்தக் காலணாவை நம்பிய நாம், அடுத்து வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்பவரையும் நம்பிவிடுகிறோம். கடவுளிடமே பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கும் பிள்ளையின் துணிச்சலுக்கும் அந்தக் காலணாதான் அடித்தளம்.

நம் ஊருக்கு வருவோம். மலேசியாவின் பத்துமலையில் முருகன் குகைக் கோயிலுக்கு ஏற 272 படி. எண்ணிக்கொண்டே ஏறுகிறவருக்கு மட்டும் 273ஆவது படி தட்டுப்படுகிறது. மிதித்தவருக்குத் தன் நேர்த்திக்கடன் மறந்துபோகிறது என்று ஒரு கதையை வைத்துக்கொள்வோம். மாயம் ஒன்று, அதற்கு ஒரு விதி, கொடுக்க ஒரு விலை. சிறுகதை தாங்குவது அவ்வளவுதான். பால்குடத்தோடு ஏறிவந்த தாய் குகை வாசலில் திகைத்து நிற்கும்போது நம் வயிறு கலங்கும். அந்த இடத்தில் ஆசிரியர் பயந்துபோய், ஒரு பெரியவரை அனுப்பித் திருநீறு பூசி நினைவைத் திருப்பிக் கொடுத்தால் கதை சரிந்துவிடும். எதையும் எப்போதும் சரிசெய்துவிடலாம் என்று தெரிந்தபின் யார் பதறுவார்கள்? 'எல்லாம் கனவு' என்ற முடிவு இதைவிட மோசம்; விலையே கொடுக்கப்படவில்லை என்று சொல்லிவிடுகிறது. அந்தப் படி எப்படி முளைத்தது என்பதற்கு இரண்டு பத்தியில் சித்தர் சாபம் சொல்வதும் வேண்டாத வேலை.

இனி அந்த எழுத்தாளருக்கு என்ன எழுதி அனுப்பலாம்? இப்படி எழுதலாம்:

"நான்காம் பத்தியில் அந்த அம்மா குடத்தை இறக்காமலே, பக்கத்தில் நிற்பவரிடம் 'இந்தப் பால் யாருக்குங்க?' என்று கேட்கிறார். அங்கேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டேன். அடுத்த வரியில் 'அவருக்கு எதுவுமே நினைவில்லை' என்று சேர்த்திருக்கிறீர்கள். தொகுப்பாகப் போடும்போது அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்."