தில்லை என்று பெயர் வைக்கிறவர்களுக்கு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தில்லைநாயகம், தில்லைநாயகி, தில்லையம்மாள், தில்லைநடராஜன் என்று நம் குடும்பங்களில் எத்தனை பேர்! இப்போது குழந்தைக்குத் தில்லை என்று மட்டுமே வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். என்ன பொருள் என்று கேட்டால், சிதம்பரம் என்பார்கள். சரிதான். ஆனால் அந்த ஊருக்கே பெயர் தந்தது ஒரு மரம். பெயரை வைத்த வீட்டார் அந்த மரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

நடராசர் கோயிலின் தலமரம் தில்லை. அது காடாக நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால், சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போய், பிச்சாவரத்தில் படகு ஏறுங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள கழிமுகக் காடு அது. சுரபுன்னை மரங்கள் கிளையிலிருந்து வேரை இறக்கி, காலூன்றி நிற்கும். தில்லைக்கு அப்படிக் கால்கள் கிடையாது. வேர்கள் சேற்றின் மேலேயே நெளிந்து பரவியிருக்கும். பளபளப்பான பச்சை இலை, உதிரும் முன் நன்றாகச் சிவந்துவிடும். பச்சைக்கு நடுவே அந்தச் சிவப்பை வைத்தே மரத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களில் தில்லைக்கும் இடம் உண்டு. எனக்கு அதைவிடப் பிடித்தது நற்றிணையில் வரும் ஒரு காட்சி. கழியில் கொழுத்த மீனை வயிறாரத் தின்ற நீர்நாய்க்குட்டி, தில்லை மரங்களின் பொதும்பில், அதாவது அடர்ந்த சோலையில், போய்ப் படுத்துத் தூங்குகிறது. இந்த மரம் எங்கே வளரும், அதன் நிழலில் யார் ஒதுங்குவார்கள் என்று நேரில் பார்த்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். ஊரின் புகழுக்கெல்லாம் அப்பால், உப்பங்கழி மரமாகவே தில்லை அங்கே நிற்கிறது.

இதன் பால் பொல்லாதது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிளையை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வடியும். தோலில் பட்டால் புண்ணாகும். கண்ணில் பட்டால் கொஞ்ச காலம் பார்வையே மங்கிப்போகலாம். இதைக் கேட்டுவிட்டு, ‘ஐயோ, குழந்தைக்கா இந்தப் பெயர்?’ என்று தயங்க வேண்டாம். ஆடு மாடு கடிக்காமல், உப்பு நீரும் சேறும் சூழ்ந்த இடத்தில் தன்னைக் காத்துக்கொள்ள அந்த மரத்துக்கு இருப்பது அந்தப் பால்தான். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது, பிச்சாவரக் காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. அலையின் வேகத்தைத் தாங்கிய அந்தக் காட்டு மரங்களில் தில்லையும் ஒன்று. அப்படிப்பட்ட மரத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது பெருமை என்றே நினைக்கிறேன்.

அப்புறம், இது ஆண் பெயரா பெண் பெயரா என்று கேட்கிறார்கள். தில்லையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் மரத்தின் பூ மஞ்சளாகச் சரம் சரமாகத் தொங்கும், தேனீக்கள் மொய்க்கும். ஆகவே யாருக்கு வேண்டுமானாலும் தாராளமாக வையுங்கள்.

பிள்ளை ஓரளவு வளர்ந்ததும் பிச்சாவரத்துக்குக் கூட்டிப் போங்கள். படகோட்டியிடம், ‘தில்லையைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். ஒரு இலையைக்கூடக் கிள்ள விடாதீர்கள். தப்பித்தவறிப் பால் கண்ணில் பட்டுவிட்டால், கசக்காமல் நல்ல தண்ணீரால் நிறையக் கழுவி, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.