மூளை ஆராய்ச்சியையே புரட்டிப்போட்ட ஒரு வேர்!

(திரையில்: மண் ஒட்டிய, வளைந்து நெளிந்த ஒரு வேர்)

இந்த வேரை நல்லா பாருங்கள். பீகார் பக்கம் இதற்கு 'பாகல் கி தவா' என்று பெயர். பைத்தியத்துக்கு மருந்து என்று அர்த்தம். ஆயுர்வேதத்தில் சர்ப்பகந்தா. மனச்சோர்வு பற்றி இன்று உலகம் பேசும் பேச்சில் இந்த வேருக்கும் பங்கு இருக்கிறது. எப்படி? வாங்க பார்ப்போம்.

வணக்கம்! ஆயுர்வேதம் மனநோயை 'உன்மாதம்' என்கிறது. சரக சம்ஹிதையில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு. தூக்கமில்லாமல் கத்திக்கொண்டு அலைபவர்களுக்கு இந்த வேரைப் பொடித்துக் கொடுப்பார்கள். ஆள் அடங்கித் தூங்கிவிடுவார். பின்னணி இவ்வளவு போதும்.

(திரையில்: 1931)

கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் இந்த வேர் உதவுகிறது என்று கட்டுரை எழுதினார்கள். அதே ஆண்டு, டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகி இந்த வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? அஜ்மலின். தன்னை அந்த ஆய்வுக்கு அழைத்த யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக!

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். வேர் ஆயுர்வேதத்தினுடையது, பெயர் யுனானி ஹக்கீமுடையது, பிரித்தவர் ஜெர்மனியில் வேதியியல் படித்தவர். அந்த அஜ்மலின் இன்றைக்கும் பிருகாடா என்ற இதயத்துடிப்புக் கோளாறைக் கண்டுபிடிக்கப் பயன்படுகிறது. மனசுக்காகத் தோண்டிய வேர், இதயத்தையும் சோதிக்கிறது!

அப்புறம் 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா மருந்து நிறுவனம் இதே வேரிலிருந்து ரிசர்பின் என்ற இன்னொரு பொருளைப் பிரித்தது. நியூயார்க்கில் நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் அதை மனநல மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுத்தார். முரண்டு பிடித்தவர்கள் அமைதியானார்கள். ஆனால் ரிசர்பின் எடுத்த சிலர் மனச்சோர்வில் விழுந்தார்கள் என்றும் மருத்துவர்கள் எழுதினார்கள். நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சேமித்து வைத்திருக்கும் ரசாயனங்களான செரோடோனின், நார்அட்ரினலின், டோபமைன் எல்லாவற்றையும் ரிசர்பின் காலி செய்துவிடும். இவை குறைந்தால்தான் மனச்சோர்வு வருகிறதோ என்ற எண்ணம் பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கருத்து முழுசாகச் சரியா என்று இன்னும் விவாதம் நடக்கிறது.

(திரையில்: மருந்துக் கடை டப்பா)

அதனால் கையெடுத்துக் கேட்கிறேன், 'இயற்கைதானே' என்று இந்தப் பொடியை வாங்கி நீங்களாகச் சாப்பிடாதீர்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். வைத்தியரிடம் போனாலும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

பயமில்லாமல் எடுத்துக்கொள்ள ஆயுர்வேதத்தில் நிறைய இருக்கிறது. உடலைத் தாங்கும் 3 தூண்களில் ஒன்றாகத் தூக்கத்தைச் சொல்கிறார் சரகர், சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக! ராத்திரி படுப்பதற்கு முன் பாதத்தில் எண்ணெய் தேய்ப்பதற்கு 'பாதாப்யங்கம்' என்று பெயர். ஒரு கரண்டி நல்லெண்ணெய், 10 நிமிடம். நான் இதை விடுவதே இல்லை.

மனசு ரொம்பப் பாரமாக இருந்தால் 14416, டெலி மானஸ். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் வீட்டில் தூக்கம் வராதவர்களுக்குப் பாட்டி என்ன செய்வார்? கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் சிரோதாரை, நெற்றியில் எண்ணெய் ஊற்றும் அந்தச் சிகிச்சை!