ராத்திரி நாலு தடவை

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்தில் சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறேன், ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். பேச வரச் சொன்னவர்கள் பாடம் மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். சரி, கடைக்கு வந்த ஓர் ஐயாவை வைத்தே ஆரம்பிக்கிறேன்.

எழுபதைத் தாண்டியவர், ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவர். பக்கத்தில் யாரும் இல்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறேன் தங்கச்சி, கிட்னி போச்சா?" என்றார். ஆறு மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தொடுவதில்லையாம், அப்படியும் நாலு தடவை. அப்புறம் குரலை இன்னும் தாழ்த்தி, "பேரன் பாயை நனைக்கிறான்னு டாக்டர் ஒரு மாத்திரை குடுத்தாரு, அது வீட்ல மிச்சம் கெடக்கு. அதைப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.

பேரனின் மாத்திரை டெஸ்மோபிரெசின். வாசோபிரெசின் என்று நம் உடம்பே சுரக்கிற ஒரு ஹார்மோன் இருக்கிறது, அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்த மருந்து அது. ஐயாவுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் இந்த வாசோபிரெசின் யார் என்று பார்த்துவிடலாம்.

ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு குட்டிச் சங்கிலி, அவ்வளவுதான். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் உருவாகி, நரம்பு வழியாக இறங்கி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பக்கத்தில் காத்திருக்கும். இரத்தத்தில் உப்பின் அடர்த்தி நூற்றில் ஒன்றிரண்டு பங்கு ஏறினாலே போதும், கிளம்பிவிடும். பிரசவத்துக்குப் பேர்போன ஆக்ஸிடோசின் இதற்கு உடன்பிறப்பு மாதிரி, ஒன்பதில் இரண்டு கண்ணிகள்தான் வேறு. வின்சென்ட் டு விக்னோ என்ற அமெரிக்க வேதியியலாளர் இரண்டையும் ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார், 1955இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இது உடம்பில் என்ன செய்யும் என்பது எந்த வாசலைத் தட்டுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த வாசல்களுக்குத்தான் ஏற்பி என்று பெயர். சிறுநீரகத்தில் இருப்பது வி2. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது, அதாவது ஓர் எண்ணெய் டிரம் கிட்டத்தட்ட நிறையும் அளவு. அதில் பெரும்பகுதி யாரும் சொல்லாமலே இரத்தத்துக்குத் திரும்பிவிடும். மிச்சத்தில் எவ்வளவைப் பிடித்து வைப்பது என்று கடைசி நேரத்தில் தீர்மானிப்பது வாசோபிரெசின்தான். அது வி2வைத் தட்டியதும், செல்லுக்குள் சுருண்டு கிடக்கிற அக்வாபோரின் என்ற தண்ணீர்க் குழாய்கள் விளிம்புக்கு வந்து பொருந்திக்கொள்ளும், நீர் உள்ளே இழுபடும். ஹார்மோன் போய்விட்டால் குழாய்களும் உள்ளே போய்விடும். அக்வாபோரினைக் கண்டுபிடித்ததற்காகப் பீட்டர் ஆக்ரே 2003இல் நோபல் வாங்கினார். ஹார்மோனே சுரக்காதவர்களும், வி2 பழுதானவர்களும் ஒரு நாளைக்கு 15 லிட்டர்கூடச் சிறுநீர் கழிப்பார்கள், சர்க்கரை வியாதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எங்கள் அப்பா விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போவார். பத்து மணிக்குள் சட்டை பிழியலாம், அவ்வளவு வியர்வை. மத்தியானம் வீட்டுக்கு வந்து போகிற சிறுநீர் தே ஓ, அதாவது பால் ஊற்றாத தேநீர், நிறத்தில் இருக்கும், "உடம்புச் சூடு" என்பார் அம்மா. வாசோபிரெசின் முழு மூச்சாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம், அம்மா சொன்னதிலும் பெரிய தப்பில்லை. சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போனால் கதை தலைகீழ். சாராயச் சத்து மூளையிலேயே வாசோபிரெசினை அமுக்கிவிடும், அதனால் வழக்கத்தைவிட அதிகமாகவே வெளியே போகும். லயத்துப் பின்னால் அப்பா ஐந்தாறு தடவை போய் வந்து, விடியற்காலையில் நாக்கு ஒட்ட ஒட்டப் பானையைத் தேடுவார். கள்ளு குளிர்ச்சி என்று இன்றைக்கும் சொல்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்த வாசல் வி1ஏ, இரத்தக் குழாய்களில் இருப்பது. தட்டினால் குழாய் இறுகும், அழுத்தம் ஏறும். 1895இலேயே ஆலிவர், ஷேஃபர் என்ற இருவர் பிட்யூட்டரிச் சாற்றை விலங்குகளுக்குள் செலுத்தி அழுத்தம் ஏறுவதைப் பார்த்துவிட்டார்கள், குழாயை அழுத்துவது என்ற அர்த்தத்தில்தான் பெயரும் வந்தது. கிருமித் தாக்கத்தில் அழுத்தம் விழுந்துபோனவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்றும் இதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். மூன்றாவது வி1பி, பிட்யூட்டரியிலேயே இருந்துகொண்டு மன அழுத்த ஹார்மோன்களைத் தூண்டிவிடும்.

அதே வி1ஏ மூளையிலும் இருக்கிறது, எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அமெரிக்கப் புல்வெளிகளில் எலி மாதிரி ஒரு சின்னப் பிராணி, ஆணும் பெண்ணும் சேர்ந்தால் பிரியாமல் ஒன்றாகவே குடும்பம் நடத்தும். அதன் நெருங்கிய இனம் ஒன்று கூடிவிட்டு அதது வழியில் போய்விடும். குடும்பம் நடத்துகிற ஆணுக்கு மூளையின் முன்பகுதியில் ஓரிடத்தில் வி1ஏ நிறைய இருக்கிறது, மற்றதற்கு அங்கே குறைவு. அட்லாண்டாவில் லாரி யங் குழுவினர் அந்த ஊர்சுற்றி ஆணின் மூளையில் அதே இடத்தில் வி1ஏ மரபணுவைச் சேர்த்தார்கள், அது தன் துணையை ஒட்டியே உட்கார ஆரம்பித்தது! 2004இல் வந்த ஆய்வு. மனிதர்களிலும் தேடினார்கள், 2008இல் ஸ்வீடனில் இந்த மரபணுவின் ஒரு வகைக்கும் ஆண்களின் தாம்பத்தியத்துக்கும் லேசான தொடர்பு தெரிந்தது. லேசானதுதான், ஜாதகத்தோடு இதையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று யாரும் கடைக்கு வந்துவிடாதீர்கள். எலிக்குச் சரியாக இருப்பதை அப்படியே புருஷன்மார் தலையில் கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, ஐயாவிடம் வருவோம். இளவயதில் வாசோபிரெசின் இரவில் கூடுதலாகச் சுரக்கும், அதனால்தான் விடியும்வரை தூங்க முடிகிறது. வயதானால் அந்த ஏற்றம் மங்கும். ஐயாவுக்கும் அதுதான் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன், இருந்தாலும் ஒரு வேலை கொடுத்தேன். மூன்று நாள் பகல் எவ்வளவு, ராத்திரி எவ்வளவு என்று அளந்து எழுதச் சொன்னேன். காலி மைலோ டின்னில் ஆணியால் கோடு கிழித்து அளந்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். மொத்தத்தில் பாதிக்கு மேல் ராத்திரியில்தான். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே அதிகம்.

கூடவே, சாப்பிடுகிற மருந்தையெல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதில் ஃபுரோசமைட் இருந்தது, கால் வீக்கத்துக்கான நீர் மாத்திரை. "இதை எப்ப போடுறீங்க ஐயா?" என்றேன். "ராச் சோறு தின்னுட்டு. காலையில போட்டா பஸ்ல அடக்க முடியல."

நான் பழி போட்ட ஆள் நிரபராதி. சிறுநீரகத்தின் உள்பகுதி உப்பாக இருந்தால்தான் அக்வாபோரின் வழியாக நீர் இழுபடும், ஃபுரோசமைட் அந்த உப்பையே கலைத்துவிடுகிறது. வாசோபிரெசின் எவ்வளவு தட்டினாலும், குழாய் திறந்தும் இழுக்க ஆள் இல்லை. இந்த நிலையில் பேரனின் மாத்திரையையும் விழுங்கியிருந்தால், நீர் மாத்திரையின் வேகம் தணிந்ததும் நீர் உடம்பிலேயே தங்கி, இரத்தத்தில் சோடியம் சரிந்து, தலை சுற்றி, மயங்கி, வலிப்பு வரைக்கும் போயிருக்கலாம். வயதானவர்களுக்கு அந்த அபாயம் ரொம்ப அதிகம், அதனால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, தாளையும் பையையும் கையில் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினேன்.

டாக்டர் நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினார், பட்டணத்துக்கு வருகிற நாளில் மட்டும் வீடு திரும்பியதும் போட்டுக்கொள்ளச் சொன்னார். இப்போது ஒரு தடவைதான் எழுந்திருக்கிறாராம். மைலோ டின்னைத் திரும்பக் கொடுக்கவா என்று கேட்டார், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்றேன்.