காத்திருக்கும் வயலின்கள்

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஒரு பாட்டின் எந்த வரியை எந்த வாத்தியத்தின் கையில் கொடுப்பது என்பதை எனக்குக் கற்றுத்தந்த ஓர் இசைத் தொகுப்பைப் பற்றி இன்றைக்குப் பேசப்போகிறேன்.

நோர்வே நாட்டு எட்வர்ட் கிரீக், ஹென்ரிக் இப்சனின் 'பேர் கின்ட்' நாடகத்துக்கு இசையமைத்தார். 1876இல் அது மேடையேறியது. அந்த இசையிலிருந்து நான்கு பகுதிகளை எடுத்து, 1888இல் முதலாவது தொகுப்பாக வெளியிட்டார். கேட்டு முடிக்கக் கால் மணிநேரம் போதும். எனக்கு அதைப் படிக்க ஒரு வருடம் பிடித்தது.

முதல் பகுதி 'காலை'. ப க ரி ஸ ரி க என்று மெதுவாகப் பாடிப் பாருங்கள், அதுதான் தொடக்கம். மோகனத்தின் சுரங்கள். மோகன ராகம் என்றே சொல்லிவிட முடியாது. கமகம் கிடையாது, போகப்போக ஆதார சுருதியே இடம் மாறிவிடும். ஆனாலும் நம் காதுக்கு அந்நியமாக இல்லை. புல்லாங்குழல் ஒருமுறை சொல்ல, ஓபோ அதையே திருப்பிச் சொல்லும். நாதஸ்வரத்தின் சீவாளி போல ஓபோவுக்கும் உதட்டுக்கிடையில் அதிரும் இரட்டை நாக்கு உண்டு. மெட்டு ஒன்றுதான். குழலில் வெறும் மூச்சாக வந்தது, ஓபோவில் குரலாகிவிடுகிறது.

இவ்வளவு நேரமும் வயலின்களுக்கு மெட்டு இல்லை. 21ஆவது பாரில்தான் (இசைக்குறிப்பில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாள அளவுதான் பார்) அவை அதை எடுத்துக்கொண்டு உரக்க எழும்புகின்றன. மேகத்தை விலக்கிக்கொண்டு சூரியன் வருவது அந்த இடம்தான் என்று கிரீக்கே சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர் டச்சு பே கடற்கரையில் விடியற்காலை நின்றவர்களுக்கு இது விளங்கும். வானம் வெகுநேரம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும், பிறகு சட்டென்று கடலுக்கு மேலே சூரியன். நோர்வே மலைகளின் காலை என்றே பலரும் நினைக்கிறார்கள். நாடகத்தில் அது மொரோக்கோவில் விடிகிற காலை.

இரண்டாவது பகுதி, நாடகத்தின் நாயகன் பேர் கின்ட்டின் தாய் ஓசேயின் மரணம். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். குழல், ஓபோ, ஹார்ன் என்கிற ஊதுகொம்பு, முரசு எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கின்றன. தந்தி வாத்தியங்கள் மட்டும், அவையும் மியூட் மாட்டி நாதத்தை அடக்கிக்கொண்டு வாசிக்கின்றன. பாதிவரை மெட்டு மேலே ஏறுகிறது, மீதிப் பாதி இறங்கி அப்படியே அடங்கிப்போகிறது. சாவீட்டுக்குள் குரலைத் தாழ்த்திப் பேசுவோமே, அந்தச் சத்தம்.

மூன்றாவது 'அனித்ராவின் நடனம்'. தந்திகளோடு ஒரேயொரு டிரயாங்கிள், தட்டி ஒலிக்கிற முக்கோணக் கம்பி. நான்காவது, மலையரசனின் மண்டபம். வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியங்களான செலோவும் டபுள் பேஸும் தந்தியை விரலால் சுண்ட, பசூன் என்கிற கனத்த குரல் குழல் கூடச் சேரும். ஹார்ன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரைப் போல. அப்புறம் கடைசிவரை அதே குட்டி மெட்டுத்தான். ஆட்கள் கூடக்கூட, வேகம் ஏறஏற, பயம் வந்துவிடுகிறது.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இசைக்குறிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்செடுத்து, மெட்டு யாரிடம் இருக்கிறதோ அந்த வரியை மட்டும் சிவப்புப் பென்சிலால் தொடர்ந்துகொண்டு போங்கள். மற்ற வரிகளை முதல் வாரம் பார்க்கவே வேண்டாம். சிவப்புக் கோடு இடம் மாறுகிற ஒவ்வொரு முறையும் நிறுத்தி, ஏன் மாறியது என்று யோசியுங்கள்.

முன்பு ஒரு விழாவுக்கு நான் அமைத்த பாட்டில், பன்னிரண்டு வயலின், குழல், ஆர்மோனியம் எல்லாருக்கும் மெட்டையே கொடுத்திருந்தேன். பாடிய பிள்ளையின் ஒரு சொல்கூடச் சபைக்குக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை அழுதுகொண்டு இறங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதே பாட்டை இப்போது திருப்பி எழுதியிருக்கிறேன். பல்லவி முழுக்க அவளுடைய குரலும் குழலும் மட்டும்தான். போன சனிக்கிழமை ஒத்திகை. வயலினை மடியில் வைத்துக்கொண்டு, பின்வரிசைப் பையன் ஒருவன் தன் முறை வரும்வரை விரல்விட்டுத் தாளம் எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணியபடியே அவள் பாடுவதையும் கேட்டுக்கொண்டிருந்தான்.