இன்றைய விளம்பரக் கணக்கை உங்கள் வெப் ஆப்பில் லைவாகக் காட்டுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே, நேராக விஷயத்துக்குப் போகலாம். ஆன்லைனில் துணி விற்கிற ஒரு கடை, தீபாவளிக்கு விளம்பரம் ஓடுகிறது. காலையில் போட்ட விளம்பரத்தால் எத்தனை பேர் வந்தார்கள், அதில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைக் கடைக்காரர் ஆர்டர் பார்க்கிற அதே பக்கத்தில், அன்றைக்கே காட்ட வேண்டும். தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கிற கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ஐ, கூகுளின் டேட்டா கிடங்கான பிக்குவெரியோடு இணைத்து, எஸ்க்யூஎல் என்ற மொழியில் குவெரி (டேட்டாவிடம் கேட்கிற கேள்வி) எழுதி எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ஆனால் ஒன்று, பக்கம் திறக்கும்போதெல்லாம் பிக்குவெரிக்குப் போகாதீர்கள், நடுவில் உங்கள் சொந்த டேபிள் ஒன்று இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

இணைப்பது சுலபம். அனலிட்டிக்ஸ் அட்மின் பக்கத்தில் பிக்குவெரி லிங்க் இருக்கும், அதில் டெய்லி (நாளுக்கு ஒருமுறை மொத்தமாக வருவது), ஸ்ட்ரீமிங் (நடக்க நடக்க வருவது) இரண்டையும் டிக் செய்யுங்கள். ஸ்ட்ரீமிங்குக்கு பில்லிங் போட்ட ப்ராஜெக்ட் வேண்டும், சாண்ட்பாக்ஸ் என்கிற இலவசப் பதிப்பில் கிடைக்காது. லிங்க் போட்ட பிறகு வருகிற டேட்டாதான் கிடைக்கும், பழையது வராது. அதனால் ஆப் எழுதுவது அடுத்த மாதம் என்றாலும் லிங்க்கை இன்றே போட்டுவிடுங்கள்.

சரி, இப்போது திரையைப் பாருங்கள். பிக்குவெரியில் நாளுக்கு ஒரு டேபிள், பெயர் ஈவென்ட்ஸ் என்று தொடங்கி தேதியில் முடியும். ஈவென்ட் என்றால் பக்கம் பார்த்தது, வாங்கியது மாதிரி தளத்தில் நடக்கிற ஒவ்வொரு செயல். இன்றைய டேட்டா மட்டும் ஈவென்ட்ஸ் இன்ட்ராடே என்ற டேபிளில் விழுந்துகொண்டே இருக்கும், அந்த நாளின் டேபிள் முழுதாகத் தயாரானதும் இன்ட்ராடே அழிக்கப்படும். பல நாள் டேபிள்களைச் சேர்த்துப் படிக்க, பலர் ஈவென்ட்ஸ் ஸ்டார் போட்டு, டேபிள் சஃபிக்ஸ் (ஸ்டார் இருக்கிற இடத்தில் வருகிற பெயரின் கடைசிப் பகுதி) இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று எழுதுவார்கள். இன்ட்ராடே டேபிளின் சஃபிக்ஸ் எழுத்தில் தொடங்குகிறது, எண்களுக்கு நடுவில் அது வராது. எரர் எதுவும் காட்டாது, குவெரி நன்றாகவே ஓடும், இன்றைய கட்டத்தில் மட்டும் பூஜ்ஜியம் நிற்கும். அதைப் பார்த்து நன்றாக ஓடுகிற விளம்பரத்தைக் கடைக்காரர் நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு? இன்றைக்குத் தனிக் குவெரி, பழைய நாட்களுக்குத் தனிக் குவெரி, அவ்வளவுதான். அப்புறம், இன்றைய தேதியை எடுக்க கரன்ட் டேட் என்று எழுதும்போது ஏசியா கொல்கத்தா என்று நேர மண்டலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் யூடிசி என்கிற உலகப் பொது நேரக் கணக்கில், நம் இரவு 12 மணி முதல் காலை 5.30 வரை நேற்றைய தேதியையே எடுக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒரு புது ஆள் எந்த விளம்பரம் வழியாக வந்தார் என்கிற தகவலை ஸ்ட்ரீமிங் டேட்டாவில் டிராஃபிக் சோர்ஸ் என்ற நெடுவரிசையிலிருந்து எடுக்காதீர்கள், அது பிறகுதான் நிரம்பும். அவர் வந்து இறங்கிய பக்கத்தின் முகவரி ஈவென்ட் பாராம்ஸ் என்ற விவரப் பட்டியலுக்குள் இருக்கிறது. அந்தப் பட்டியலை அன்னெஸ்ட் செய்து (தனித்தனி வரிகளாகப் பிரித்து), முகவரியில் இருக்கிற யூடிஎம் கேம்பெய்ன் என்ற விளம்பரப் பெயரை நீங்களே பிரித்தெடுத்து, செஷன் ஐடியையும் (அந்த வருகையின் எண்) யூசர் சூடோ ஐடியையும் (அந்த ஆளின் பிரவுசருக்கான எண்) வைத்து, வாங்கியதைக் குறிக்கிற பர்ச்சேஸ் ஈவென்ட்டோடு ஜாயின் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். கொஞ்சம் வேலைதான், ஆனால் பகல் நேரத்து எண்ணை நம்பலாம்.

இப்போது நடு டேபிள் ஏன் என்பதற்கு வருகிறேன். ஆன் டிமாண்ட் முறையில், அதாவது ஓட்டுகிற குவெரிக்கு மட்டும் காசு கட்டும் முறையில், பிக்குவெரி எத்தனை வரி திரும்பி வந்தது என்று பார்த்து பில் போடுவதில்லை, எவ்வளவு டேட்டா படித்தது என்று பார்த்துத்தான் போடுகிறது, அதனால் 10 வரி மட்டும் போதும் என்று லிமிட் 10 எழுதினால் காசு குறையும் என்று எண்ண வேண்டாம், தேவையான நெடுவரிசைகளை மட்டும் செலக்ட் செய்தால்தான் குறையும். மாதம் 1 டெராபைட் வரை இலவசம். அதே குவெரியைத் திரும்ப ஓட்டினால் 24 மணி நேரம் வரை கேஷிலிருந்து (சேமித்து வைத்த விடையிலிருந்து) காசு வாங்காமல் தரும் என்பது உண்மைதான், ஆனால் ஸ்ட்ரீமிங் விழுந்துகொண்டிருக்கிற டேபிளுக்கு அந்தக் கேஷ் கிடைக்காது. நாலைந்து பேர் டேஷ்போர்டைத் திறந்து வைத்து, அது அரை நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ரெஃப்ரெஷ் ஆனால், ஒவ்வொரு தடவையும் பில்தான்.

அதனால் சர்வரில் தானாக ஓடுகிற ஒரு ஜாப், 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே குவெரி, விடையை உங்கள் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒரு சின்ன டேபிளில் எழுதிவிடுங்கள், பக்கம் அதைத்தான் படிக்க வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்குப் புதுப்பித்தது என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே போடுங்கள், பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டும். டெய்லி டேபிள் 3 நாள் வரை மாறக்கூடும் என்பதால், இரவில் கடந்த 3 நாட்களை மறுபடி கணக்கிட்டு, பழைய எண்ணை அழித்து அதன் இடத்திலேயே எழுதுங்கள்.

உங்கள் சர்வர் பிக்குவெரிக்குள் நுழையப் பயன்படுத்துகிற சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கு அந்த டேட்டாசெட்டைப் (டேபிள்களின் தொகுப்பைப்) படிக்கவும் ஜாப் ஓட்டவும் மட்டும் அனுமதி போதும். அந்த அக்கவுன்ட்டின் ரகசியக் கீ சர்வரிலேயே இருக்கட்டும், பிரவுசர் பக்கம் போகவே கூடாது. பயனர் தேர்ந்தெடுக்கிற தேதியைக் குவெரிக்குள் ஒட்டாமல் பாராமீட்டராக (தனி மதிப்பாக) கொடுங்கள், மேக்சிமம் பைட்ஸ் பில்டு என்ற வரம்பையும் போட்டுவிடுங்கள், அந்த வரம்பைவிட அதிக டேட்டா படிக்கிற குவெரி வந்தால் ஓடாமலே நின்றுவிடும்.

விளம்பரச் செலவு இதில் வராது, அது கூகுள் ஆட்ஸிலிருந்து தனியாக வர வேண்டும், அந்தக் குவெரியை அடுத்த வீடியோவில் எழுதலாம். அதுவரை தோண்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அங்கே செலவு மைக்ரோஸில் இருக்கும், 10 லட்சத்தால் வகுக்க வேண்டும், 45 கோடி என்று தெரிந்தால் அது 450 ரூபாய்.